பிரான்ஸ், நார்வே, ப்ளூ லேடி: அலங் கரையில் முடிந்த அந்த நீலக் கப்பலைப் பற்றிப் பேசலாமா?

உப்புக்காற்று
எல்லோருக்கும் வணக்கம். 2022-ல் சென்னையிலிருந்து எம்ப்ரஸ் என்று ஒரு சொகுசுக் கப்பல் விட்டார்களே, அதில் குடும்பத்தோடு போய்வந்தேன். திரும்பி வந்தபிறகு அந்தக் கப்பல் எங்கே கட்டியது என்று தேடினால், 1990-ல் பிரான்ஸ் நாட்டில் செயின்ட் நசேர் என்ற ஊரில் கட்டியது என்று வந்தது. அந்தக் கட்டும்தளத்தின் பழைய கப்பல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனதில், அதே ஊரில் 1960-ல் தண்ணீரில் இறக்கிய 'பிரான்ஸ்' என்ற கப்பலில் மாட்டிக்கொண்டேன். மூன்று நாளாக வேறு வேலை ஓடவில்லை.

315 மீட்டர் நீளம். தண்ணீரில் இறக்கும் விழாவுக்கு ஜனாதிபதி டிகால் நேரில் வந்திருக்கிறார், அவருடைய மனைவிதான் பெயர் சூட்டியது. 1962 பிப்ரவரியில் லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். அதே வருடம் டிசம்பரில் மோனாலிசா ஓவியத்தை அமெரிக்காவுக்குக் கண்காட்சிக்கு அனுப்பியபோது, இந்தக் கப்பலில்தான் ஏற்றி அனுப்பினார்கள். இப்படி ராஜ மரியாதையோடு இருந்த கப்பல் கடைசியில் குஜராத்தில், பழைய கப்பல்களை உடைக்கும் அலங் கரையில் சேற்றில் ஏறி நின்று துண்டு துண்டாகப் போயிருக்கிறது. உலகத்தின் மிகப்பெரிய கப்பலைக் காப்பாற்ற ஒரு ஆள்கூடவா இல்லை? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய_பாய்லர்காரன்
தம்பி, முதலில் ஒரு திருத்தம். மிகப்பெரியது இல்லை, பயணிகள் கப்பல்களில் மிக நீளமானது. டன்னேஜ் (கப்பலின் உள்ளளவு) கணக்கில் குயின் எலிசபெத் என்ற பிரிட்டிஷ் கப்பல் 83,000-க்கு மேல், பிரான்ஸ் 66,000 சொச்சம். நீளத்தில் மட்டும் 2004-ல் குயின் மேரி 2 வரும்வரை இதை யாரும் தாண்டவில்லை. இந்த இரண்டையும் குழப்பாத ஒரு கட்டுரையை நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் முப்பத்துநாலு வருடம் கப்பல் எஞ்சின் ரூமில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் நீராவி டர்பைன் கப்பல்கள். அந்தக் கண்ணோட்டத்தில் சொல்கிறேன். இந்தக் கப்பலை அட்லாண்டிக்கை ஐந்து நாளில் கடக்க வேண்டும் என்ற ஒரே வேலைக்காகக் கட்டினார்கள். எட்டு பாய்லர், நான்கு ப்ரொப்பெல்லர், 30 நாட் (மணிக்கு 30 கடல்மைல்) வேகத்துக்கு மேல். பாய்லரைப் பற்ற வைத்தால் மறுகரை போகும்வரை ஒரே சீராக எரிந்துகொண்டிருக்கும், அதுதான் அதன் இயல்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புகைபோக்கிகளைப் படத்தில் பார்த்தீர்களா? உச்சியில் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கரிப்புகை பயணிகள் நடக்கும் தளத்தில் விழாமல் பக்கவாட்டில் கொண்டுபோய்த் தள்ளுவதற்காக வைத்தது. அலங்காரம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர்.

கணக்குப்பிள்ளை
காப்பாற்ற ஆள் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். காசு இல்லை, அதுதான் விஷயம். 1958-லேயே ஜெட் விமானம் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்துவிட்டது. கப்பல் முதல் பயணம் போனது 1962-ல். அதாவது பிறக்கும்போதே வயதாகிப்போன கப்பல். ஐந்து நாள் வேலை ஏழு எட்டு மணி நேரத்தில் முடிகிறது என்றால் வியாபாரி எதில் போவான்? அரசாங்க மானியத்தில்தான் ஓடியது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் மானியத்தை அரசு நிறுத்தியது, கதை முடிந்தது. இதில் கண்ணீர் விட ஒன்றும் இல்லை.

உப்புக்காற்று
கணக்குப்பிள்ளை, நீங்கள் தாஜ்மகாலுக்குக்கூட வரவு செலவு எழுதுவீர்கள் போல.

கணக்குப்பிள்ளை
தாஜ்மகால் எண்ணெய் குடிக்காது.

மீனா_பினாங்கு
சிரித்துவிட்டேன். ஆனால் கணக்குப்பிள்ளை விட்டுவிட்ட பகுதிதான் எனக்குப் பிடித்தது. 1974 செப்டம்பரில், கப்பலை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊழியர்களே கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள்! ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளோடு நியூயார்க்கிலிருந்து வந்த கப்பலை லெ ஹாவ்ர் துறைமுகத்து வாசலில், மற்றக் கப்பல்கள் போகிற வழியில் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். பயணிகளை வேறு படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாதம்போல இழுத்தது. கடைசியில் ஊழியர்கள் தோற்றுப்போனார்கள். அப்புறம் துறைமுகத்தின் ஒரு மூலையில் கட்டிப்போட்டார்கள், நான்கைந்து வருடம் அங்கேயே கிடந்தது. அந்தப் படித்துறைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'மறதித் துறை'.

இன்னொன்று. அந்தக் கப்பலில் நாய்களுக்குத் தனிக் கூண்டு வரிசையும் உலாவ இடமும் இருந்ததாம். அமெரிக்க நாய்க்குக் காலைத் தூக்க நியூயார்க் தெருவில் இருக்கும் தீயணைப்புக் குழாய் ஒன்று, பிரெஞ்சு நாய்க்கு அந்த ஊர் மைல்கல் ஒன்று. இதை யோசித்த ஆளுக்கு ஒரு சிலை வைக்க வேண்டும்.

எங்கள் அப்பா மெட்ராஸிலிருந்து பினாங்குக்கு ரஜூலா கப்பலில் டெக் பாசஞ்சராக வந்தவர். பாயும் ஒரு தகரப் பெட்டியும் அவர் கொண்டுவந்தது, இரண்டும் பக்கத்தில் இருந்தவர் வாந்தியில் நனைந்ததாம். கப்பல் சொகுசு என்று யார் பேசினாலும் எனக்கு அந்தத் தகரப் பெட்டி ஞாபகம் வந்துவிடும். அதனால் மோனாலிசா ஏறிய கப்பல் உடைந்ததற்கு ரொம்பவும் வருத்தப்பட முடியவில்லை, ஆனால் படிக்க ஆசையாக இருக்கிறது. தொடருங்கள்.

பழைய_பாய்லர்காரன்
மீனாம்மா, ரஜூலா 1926-ல் கட்டியது, 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அதற்கு அடுத்து அதே வழியில் வந்த சிதம்பரம் கப்பல், 1966-ல் 'பாஸ்தர்' என்ற பெயரில் பிரான்ஸில் கட்டியதுதான். 1985-ல் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அதோடு மெட்ராஸ்–சிங்கப்பூர் பயணிகள் கப்பலுக்கும் முடிவு வந்தது.

தீ என்றதும் முக்கியமான ஒன்று. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கப்பல் தீ என்றாலே உடம்பு நடுங்கும். 1933-ல் லா அட்லாந்திக் எரிந்தது. 1942-ல் நார்மண்டி என்ற அவர்களுடைய பெருமைக் கப்பல் நியூயார்க் துறைமுகத்திலேயே எரிந்து கவிழ்ந்தது. அதனால் 'பிரான்ஸ்' கட்டும்போது மரத்தையே முடிந்தவரை ஒதுக்கினார்கள். நாற்காலி அலுமினியம், சுவர்ப்பலகை தீப்பிடிக்காத வகை, அதற்குள் ஆஸ்பெஸ்டாஸ். அந்தக் காலத்தில் அதுதான் பாதுகாப்பு. தீயிலிருந்து ஆளைக் காப்பாற்ற வைத்த அதே ஆஸ்பெஸ்டாஸ்தான் நாற்பத்தைந்து வருடம் கழித்து இந்தக் கப்பலை உள்ளே விட நாடுகள் தயங்கும்படி செய்தது.

உப்புக்காற்று
'பிரான்ஸ்' கப்பல் 'நார்வே' என்று பெயர் மாறியது எப்படி சார்?

கணக்குப்பிள்ளை
நான் சொல்கிறேன், காசு விஷயம். 1977-ல் அக்ரம் ஒஜே என்ற சவுதி தொழிலதிபர் வாங்கினார், அமெரிக்கக் கரையில் மிதக்கும் ஹோட்டலும் அருங்காட்சியகமும் வைக்கலாம் என்று. நடக்கவில்லை. 1979-ல் நார்வேஜியன் கரீபியன் லைன் என்ற கப்பல் கம்பெனியின் க்னுட் குளோஸ்டர் 1.8 கோடி டாலருக்கு வாங்கினார். எல்லோரும் பைத்தியம் என்றார்கள். அந்தக் காலத்து உல்லாசக் கப்பல்களெல்லாம் 20,000 டன் அளவில் இருந்தன, இவர் மூன்று மடங்கைக் கொண்டுவந்து மயாமியில் நிறுத்துகிறார்.

ஆனால் ஆள் கில்லாடி. ஜெர்மனியில் பிரேமர்ஹாவனில் மாற்றிக் கட்டினார். முன்பக்க எஞ்சின் அறையை நிறுத்தி, நான்கு ப்ரொப்பெல்லரில் இரண்டைக் கழற்றிவிட்டார். கரீபியனில் தீவுக்குத் தீவு போக 30 நாட் எதற்கு? எண்ணெய்ச் செலவு சரிந்தது. உடம்புக்கு நீலச்சாயம், பெயர் நார்வே. 1980-ல் ஓட ஆரம்பித்தது. இவ்வளவு பெரிய கப்பல் தீவுகளின் துறைமுகத்தில் ஒட்ட முடியாது என்பதால், ஆளுக்கு நானூறு பேர் ஏறும் இரண்டு பெரிய படகை முன்தளத்திலேயே தூக்கி வைத்துக்கொண்டு போனது. லிட்டில் நார்வே என்று பெயர்.

இதைக் கவனியுங்கள்: இப்போது கப்பலுக்குள்ளேயே தியேட்டர், கடைத்தெரு, கரையில் இறங்காமலே விடுமுறை என்று விற்கிறார்களே, அந்த வியாபாரத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது நார்வேதான். 1988-ல் சாவரின் ஆஃப் தி சீஸ் வந்து அளவில் முந்தியது, அதுவும் அதே செயின்ட் நசேரில் கட்டியது. உடனே 1990-ல் நார்வேக்கு மேலே இரண்டு தளம் கூட்டி 76,000 டன் ஆக்கி மறுபடி முதலிடத்துக்கு வந்தார்கள்.

புதுச்சேரி_வாசு
அந்த இரண்டு தளத்தைச் சேர்த்ததுதான் அழகைக் கெடுத்தது என்று என் கருத்து. 1962 படத்தையும் 1995 படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய வீட்டு மொட்டைமாடியில் வாடகைக்கு ரூம் கட்டிய மாதிரி இருக்கும்.

கணக்குப்பிள்ளை
அந்த வாடகைதான் பத்து வருடம் கூடுதலாகச் சோறு போட்டது.

பழைய_பாய்லர்காரன்
இப்போது என் பகுதிக்கு வருகிறேன். 2003 மே 25, மயாமி துறைமுகம். விடியற்காலையில் வந்து கட்டிய கப்பல். பயணிகள் பலர் தூக்கத்தில் இருந்த நேரம், ஒரு பாய்லர் வெடித்தது. எட்டு ஊழியர்கள் இறந்தார்கள், பதினேழு பேருக்குக் காயம். பயணிகள் யாருக்கும் ஒன்றும் இல்லை.

வெடிப்பு என்றால் சினிமாவில் வருகிற தீப்பந்தை நினைக்காதீர்கள். பாய்லர் டிரம்மில் தண்ணீர் நூறு டிகிரிக்கு வெகு மேலே இருக்கும், அழுத்தம் இருப்பதால் மட்டும் தண்ணீராகவே நிற்கும். டிரம் பிளந்தால் அந்த நிமிடமே அதில் ஒரு பெரிய பங்கு நீராவியாகி, இருந்த இடத்தைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். கீழே நிற்கிற ஆளுக்கு ஓட நேரமே கிடையாது. நான் அந்த இடத்தில்தான் வாழ்க்கையில் பாதியைக் கழித்தேன், அதனால் அந்த எட்டுப் பேரைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

காரணம்? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து எழுதியது. பாய்லரை இயக்கிய முறை, பராமரிப்பு, பரிசோதனை மூன்றுமே சரியில்லை, அதனால் உலோகம் அரித்துக் களைத்து விரிசல் ஓடியிருந்தது என்றார்கள். கிளாஸ் சர்வே (கப்பலின் தகுதியைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வு) செய்தவர்கள் ஒழுங்காகப் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னார்கள். நிறுவனம் 2008-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

முதலில் ஒன்றை மனதில் வைக்கச் சொன்னேனே. ஐந்து நாள் ஒரே சீராக எரியக் கட்டிய பாய்லர். கரீபியனில் தினம் ஒரு துறைமுகம், பற்றவை, குறை, அணை, மறுபடி பற்றவை. வார்ப்பு தோசைக்கல்லை அடுப்பில் காயவைத்துத் தண்ணீரில் போட்டு, மறுபடி காயவைத்துப் பாருங்கள். ஒரு வாரம் தாங்கும், ஒரு மாதம் தாங்கும், ஒரு நாள் 'டிக்' என்று கேட்கும். பழைய பாய்லர் என்பதால் மட்டும் வெடிக்காது. பழசைப் பழசு மாதிரி நடத்தத் தெரிய வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை, டிரம்முக்குள் ஆள் இறங்கி விளக்கு பிடித்து வெல்டிங் பார்ப்பது, எல்லாம் அழுக்கு வேலை, பயணி கண்ணில் படாத வேலை. மேலே சாண்ட்லியருக்குச் செலவு செய்வார்கள், கீழே கேஸ்கெட் கேட்டால் அடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம் என்பார்கள். நான் வேலை செய்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ஒரு வால்வுக்காக ஏழு மாதம் கடிதம் எழுதியிருக்கிறேன்.

ஆக உப்புக்காற்று தம்பி, அந்தக் கப்பலைக் கொன்றது அலங் இல்லை. மயாமியிலேயே செத்துவிட்டது. அலங்கில் நடந்தது காரியம்.

உப்புக்காற்று
சார், இந்தப் பதிவை நான் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டேன்.

வக்கீல்_குமாஸ்தா
காரியமும் சுலபத்தில் நடக்கவில்லை. மயாமியிலிருந்து ஜெர்மனிக்கு இழுத்துப் போனார்கள். 2005-ல் அங்கிருந்து மலேசியாவுக்கு. அப்புறம் பங்களாதேஷில் உடைக்கலாம் என்று பேச்சு, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று அந்த அரசு மறுத்துவிட்டது. 2006 பிப்ரவரியில் பிரான்ஸ் தன்னுடைய கிளமான்சோ போர்க்கப்பலை, அலங்குக்கு வந்துகொண்டிருந்ததை, எதிர்ப்பு தாங்காமல் பாதி வழியில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. இந்தக் கப்பலைக் கூப்பிட யாரும் இல்லை, ஏனென்றால் பெயரில் மட்டும்தான் பிரான்ஸ், அதுவும் போய் அப்போது 'ப்ளூ லேடி' ஆகியிருந்தது. கிழவிக்கு வைத்த பெயரைப் பாருங்கள்.

உச்சநீதிமன்றத்தில் வழக்கு. கப்பலில் சுமார் 1,200 டன் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள், தீயறியும் கருவிகளில் கதிரியக்கப் பொருள் என்று ஒரு பக்கம். மழைக்காலம் வருகிறது, நடுக்கடலில் நிற்க முடியாது என்று இன்னொரு பக்கம். 2006 ஜூனில் நம் கடலெல்லைக்குள் வர அனுமதி கிடைத்தது. ஆகஸ்ட் 15-ம் தேதி, ஆமாம் சுதந்திர தினத்தன்று, அலங்கில் கரையேற்றிவிட்டார்கள். ஏற்றியபிறகு திரும்பக் கடலுக்கு இழுக்க முடியாது என்ற வாதம் வந்தது. 2007 செப்டம்பர் 11-ல் உடைக்கத் தீர்ப்பு. 700 தொழிலாளர்களுக்கு வேலை, நாட்டுக்கு 41,000 டன் இரும்பு என்று தீர்ப்பிலேயே கணக்கு எழுதியிருக்கிறது.

முதலில் கரையேற்று, அப்புறம் கரையேறிவிட்டதே என்று காட்டி அனுமதி வாங்கு. இந்த நடைமுறை நம் ஊரில் ஏரிக்குள் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கணக்குப்பிள்ளை
41,000 டன் இரும்பைச் சுரங்கத்தில் வெட்டி எடுத்தால் எவ்வளவு மலை போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வக்கீல்_குமாஸ்தா
சொல்கிறேன். அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்தவனுக்கு நோய் வர இருபது முப்பது வருடம் ஆகும், அதற்குள் அவன் ஒடிசாவிலோ பீகாரிலோ சொந்த ஊருக்குப் போயிருப்பான், எந்தக் கணக்கிலும் வரமாட்டான் என்பதையும் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாவ்நகர்வாசி
இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் மதுரைக்காரன், 2006 முதல் 2010 வரை பாவ்நகரில் பெயின்ட் வியாபாரம். ப்ளூ லேடி கரையில் நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

அலங் ஏன் அலங் ஆனது என்றால் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்தான் காரணம். காம்பத் வளைகுடாவில் ஓதத்துக்கும் வற்றுக்கும் பத்து மீட்டர் வித்தியாசம் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது கப்பலை முழு வேகத்தில் கரைக்கு ஓட்டிவிடுவார்கள். சொந்த எஞ்சின் ஓடாத இந்தக் கப்பலை இழுவைக் கப்பல்களை வைத்து ஏற்றினார்கள். தண்ணீர் வற்றியதும் கப்பல் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிடும். 1983-ல் ஆரம்பித்த தொழில்.

நான் பார்த்த அன்று முன்பக்கம் இன்னும் முழுசாக இருந்தது. நீலச்சாயம் வெளிறி, அதற்கடியில் கறுப்பு தெரிந்தது. பிரான்ஸ் காலத்துச் சாயம் அது என்று கூட வந்தவர் சொன்னார். நங்கூரத் துளையிலிருந்து துரு வடிந்து நீளமாகக் கோடு. கீழே நின்ற ஆட்கள் எறும்பு அளவு. ஒரு இரும்புத் தகடு மேலிருந்து விழுந்தது, விழுந்ததைக் கண் பார்த்து ஒரு விநாடி கழித்துத்தான் சத்தம் வந்தது, காலடியில் சேறு குலுங்கியது.

அப்புறம் கடைகள். திராபஜிலிருந்து அலங் போகும் சாலையில் இரண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்கில் கப்பல் சாமான் கடை. மெத்தைக்கு ஒரு கடை, பீங்கானுக்கு ஒரு கடை, லைஃப் ஜாக்கெட்டுக்கு ஒரு கடை. 2008-ல் எந்தக் கடையில் எதைக் கேட்டாலும் "ப்ளூ லேடி மால் சாப்" (ப்ளூ லேடி சரக்கு சார்) என்பார்கள். ப்ளாஸ்டிக் பக்கெட்டைக்கூட அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். மோனாலிசா தொட்ட பக்கெட் என்று சொல்லாதது ஒன்றுதான் பாக்கி.

மீனா_பினாங்கு
நீங்கள் என்ன வாங்கினீர்கள்?

புதுச்சேரி_வாசு
அவர் பதில் சொல்லும்முன் ஒன்று. கப்பலின் மூக்கு நுனியை மட்டும் வெட்டி பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். 2009 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம், இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் போனது. இப்போது லெ ஹாவ்ரில் வைத்திருக்கிறார்கள். என் மைத்துனர் அங்கே வேலை செய்கிறார், படம் அனுப்பினார். நான்கு மீட்டர் உயர இரும்பு மூக்கு, தரையில் நிற்கிறது. பின்னால் கப்பலே இல்லை.

மிச்சக் கப்பல்கள் கதையும் பெரிதாக இல்லை. குயின் மேரி லாங் பீச்சில் ஹோட்டலாக நிற்கிறது, குயின் எலிசபெத் 2 துபாயில். யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பலை 2025-ல் பிலடெல்பியாவிலிருந்து இழுத்துப் போனார்கள், மீன்களுக்குச் செயற்கைப் பவளப்பாறையாக மூழ்கடிக்க. உள்ளதில் நன்றாக இருப்பது ராட்டர்டாம் என்பேன், சொந்த ஊரிலேயே ஹோட்டலாக இருக்கிறது.

பாவ்நகர்வாசி
மீனா அக்கா, நான் வாங்கியது ஒரு குழாய். பித்தளை, குரோம் பூச்சு பாதி போனது, இரண்டு திருகு. சத்தியமாக ப்ளூ லேடி என்று கடைக்காரர் தலையில் அடித்தார், நான் நம்பவில்லை, ஆனால் கனமாக இருந்தது, வாங்கிவிட்டேன். மதுரையில் வீடு கட்டியபோது குளியலறையில் மாட்டினோம். ஒரு திருகில் 'சி' என்று ஆங்கில எழுத்து, இன்னொன்றில் 'எஃப்'. சி என்றால் கோல்டு, சரி. எஃப் என்னவென்று பெரிய விவாதம். ஃபயர் என்று என் மாமனார் தீர்ப்பு சொன்னார். அப்படியே ஹீட்டர் லைனை அதில் கொடுத்தோம். பதினைந்து வருடமாக நன்றாக ஓடுகிறது.

புதுச்சேரி_வாசு
அண்ணா, உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பிரெஞ்சில் 'ஷோ' என்றால் சூடு, அது சி-யில்தான் ஆரம்பிக்கும். 'ஃப்ருவா' என்றால் குளிர், எஃப். எங்கள் வீட்டுப் பழைய குழாயிலும் அப்படித்தான் இருக்கிறது.

பழைய_பாய்லர்காரன்
பிரெஞ்சுக் குழாய் என்பது உறுதி. ப்ளூ லேடி என்பது உறுதி இல்லை, பிரான்ஸில் கட்டிய எத்தனையோ கப்பல் அலங்குக்கு வந்திருக்கும். அடிப்பக்கம் ஏதாவது எண் குத்தியிருக்கிறதா பாருங்கள். வாஷரை மட்டும் மாற்றாமல் விட்டுவிடாதீர்கள்.

பாவ்நகர்வாசி
பார்த்தேன், எண் தேய்ந்துபோயிருக்கிறது. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரன் தப்பாக எழுதியிருக்கிறான் என்கிறார்.